வீட்டு வரி பில் வரவில்லையா? சந்தோஷப்படாதீர்கள்: பினாங்கில் வீடு வைத்திருப்பவர்களுக்கு

இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா நிபோங் தெபாலிலிருந்து போன் செய்தார். "கேட்டுல யாரோ ஒரு கடுதாசி ஒட்டிட்டுப் போயிருக்காங்கடா. மலாய்ல இருக்கு. அப்பா பேரு போட்டிருக்கு." அப்பா இறந்து அப்போது இரண்டரை வருடம். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். தலைகீழாக வந்த படத்தைத் திருப்பிப் பார்த்தால் மேலே "போராங் ஈ" (போராங் என்றால் பாரம்) என்று இருந்தது, கீழே ஐந்து அரையாண்டு வீட்டு வரி பாக்கி. அரையாண்டுக்கு 84 வெள்ளி வீதம் 420 வெள்ளி, அதற்கு மேல் நோட்டீஸ் கட்டணம்.

தொகை பெரிதில்லை. ஆனால் இப்படி ஒரு வரி இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் பில் என்று ஒன்று வீட்டுக்கு வந்ததே இல்லை. பிறகுதான் புரிந்தது: அப்பா தோட்டத்தில் வேலையில் இருக்கும்போதே இந்தத் தாமான் வீட்டை வாங்கியிருக்கிறார், கடித முகவரியாகத் தோட்டத்து முகவரியைக் கொடுத்திருக்கிறார், அதை மாற்றவே இல்லை. தோட்டம் விற்கப்பட்டு லயங்களும் போய்விட்டன. பில் மட்டும் அந்த முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. அப்பா வருடத்துக்கு இரண்டு முறை பழைய ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்க் கட்டிவிட்டு வருவார், வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

கோலாலம்பூரில் வேலை, வீடு பினாங்கில், விடுமுறை நாள் எண்ணிக்கையில். அதை வைத்துக்கொண்டு பல மாதம் அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். புதிதாக வீடு வாங்கியவர்கள், பெற்றோர் வீடு கைக்கு வந்தவர்கள், ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்கள், உங்களுக்குத்தான் இது.

1. முதலில் எந்த வரி என்று பிரித்துக்கொள்ளுங்கள்

"வீட்டு வரி" என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு வரி. இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு தேதி, வேறு வேறு கணக்கு எண். ஒன்றைக் கட்டிவிட்டு இரண்டையும் கட்டிவிட்டதாக நினைப்பவர்கள் ஏராளம், எங்கள் தெருவிலேயே மூன்று வீடு.

சுக்காய் பிந்து: பில்லில் சுக்காய் தக்சிரான் என்று இருக்கும், தமிழ்ப் பத்திரிகைகளில் மதிப்பீட்டு வரி என்று எழுதுவார்கள். இதை ஊராட்சி மன்றத்துக்குக் கட்ட வேண்டும். தீவுப் பகுதி என்றால் பினாங்கு மாநகர் மன்றம். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் தெபால் என்று பெருநிலம் முழுவதும் செபராங் பிறை மாநகர் மன்றம், தலைமை அலுவலகம் பண்டார் பெர்டாவில். வருடத்துக்கு இரண்டு முறை கட்டுவது இதுதான்.

சுக்காய் தானா: நில வரி. இது மாநில அரசுக்குப் போகும் பணம், மாவட்ட நில அலுவலகத்தில் கட்ட வேண்டும். செபராங் பிறை தெற்கு மாவட்டத்துக்கு அந்த அலுவலகம் சுங்கை ஜாவியில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரே முறை. அடுக்குமாடி வீட்டுக்குத் தனித்தனி ஸ்ட்ராட்டா பட்டா வந்துவிட்டிருந்தால் இதே வரி சுக்காய் பெத்தாக் என்ற பெயரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக வரும். இன்னும் பட்டா பிரியவில்லை என்றால் மேம்பாட்டாளரோ கட்டட நிர்வாகமோ மொத்தமாகக் கட்டிவிட்டு உங்கள் பங்கை வசூலிப்பார்கள்.

இண்டா வாட்டர் கழிவுநீர் பில், அடுக்குமாடியில் மாதாமாதம் கேட்கும் மெயின்டனன்ஸ் காசு, இவை வரியே இல்லை. பாக்கி வைத்தால் அவற்றுக்கும் ஆள் வரும், அது வேறு கதை.

கோலாலம்பூரில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பிரிவினை பொருந்தும். அங்கே சுக்காய் பிந்து டேவான் பண்டாராயா என்ற மாநகர் மன்றத்துக்கு, நில வரி கூட்டரசுப் பிரதேச நில அலுவலகத்துக்கு.

2. பில்லைக் கையில் எடுத்து இந்த ஐந்து இடங்களைப் பாருங்கள்

மேலே இருக்கும் பெயரை முதலில் பாருங்கள். "பெமிலிக்" (உரிமையாளர்) என்ற இடத்தில் யார் பெயர்? உங்களுக்கு விற்றவர் பெயரா, இறந்துபோனவர் பெயரா? அப்படியென்றால் நேரே 6-க்குப் போங்கள்.

அடுத்து இரண்டு முகவரிகள். ஒன்று வீடு இருக்கும் இடம், இன்னொன்று கடிதம் அனுப்பும் இடம். முதலாவது எப்போதும் சரியாகத்தான் இருக்கும், இரண்டாவதில்தான் நாம் ஏமாறுவோம். பில் இல்லாமல் இதைத் தெரிந்துகொள்ள முடியாது என்பதால், பில் வராதவர்கள் வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் சொல்லி முகப்பிடத்தில் கணக்கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், பழைய ரசீது ஒன்று இருந்தால் இரண்டு நிமிட வேலை.

கணக்கு எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறினாலும் முகவரி மாறினாலும், இந்த எண் வீட்டோடு ஒட்டிக்கொண்டிருப்பது.

"நிலாய் தாஹுனான்" என்பது ஆண்டு மதிப்பு. இதைப் பற்றிக் கீழே.

கடைசியாக "துங்காக்கான்". பாக்கி. இங்கே சுழியம் இருக்க வேண்டும். சின்னதாக ஏதாவது தொகை இருந்தால், 6 வெள்ளியோ 10 வெள்ளியோ, அது பெரும்பாலும் எப்போதோ ஒருமுறை தாமதமாகக் கட்டியதற்கான நோட்டீஸ் கட்டணம். நிறையப் பேர் அரையாண்டுத் தொகையை மட்டும் கட்டிவிட்டு இதை விட்டுவிடுவார்கள், அது கணக்கில் பாக்கியாகவே நிற்கும்.

3. தொகை எப்படி வருகிறது

ஆண்டு மதிப்பு என்பது உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று மன்றம் போடும் மதிப்பு. நீங்கள் வாடகைக்கு விட்டிருக்க வேண்டும் என்றில்லை, குடியிருந்தாலும் இதே கணக்குதான். அதைக் "காடார்" என்ற சதவிகிதத்தால் பெருக்கினால் ஒரு வருட வரி, அதைப் பாதியாக்கினால் அரையாண்டு பில். உதாரணத்துக்கு மாத வாடகை 300 வெள்ளி என்று மதிப்பிட்டிருந்தால் ஆண்டு மதிப்பு 3,600. சதவிகிதம் 6 என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 216, அரையாண்டுக்கு 108 வெள்ளி. உங்கள் சதவிகிதம் என்ன என்பது உங்கள் பில்லிலேயே இருக்கும், வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று என்று மாறும்.

"எங்க ஏரியால வாடகை 900 வெள்ளி போகுது, பில்லுல ஏன் இவ்வளவு குறைவா மதிப்பு போட்டிருக்கு" என்று என் மச்சான் கேட்டார். மதிப்புப் பட்டியலை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் சொல்கிறது, மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம் என்றும் சொல்கிறது, நடைமுறையில் நீண்டுகொண்டேதான் போகும். குறைவாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு கட்டுங்கள் என்றேன்.

முன்னால் கூரை போட்டு கார் நிறுத்துமிடம், பின்னால் அடுக்களையை இழுத்துக் கட்டுவது, மேலே ஒரு அறை, இப்படி எதைச் செய்தாலும் ஆண்டு மதிப்பை மன்றம் திருத்தலாம். அனுமதி வாங்காமல் கட்டியது என்றால் அந்தத் தலைவலி தனி.

4. தேதிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்

சுக்காய் பிந்து: முதல் அரையாண்டு ஜனவரி 1-இல் கட்ட வேண்டியதாகிறது, பிப்ரவரி கடைசி நாள் வரை அபராதமில்லை. இரண்டாம் அரையாண்டு ஜூலை 1, கெடு ஆகஸ்ட் 31.
நில வரி: ஜனவரியிலிருந்து மே 31 வரை.

நான் வைத்திருக்கும் கணக்கு, தைப்பூசத்துக்கு ஊருக்கு வரும்போது முதல் பாதியும் நில வரியும், பள்ளி விடுமுறைக்கு வரும்போது இரண்டாம் பாதி. ஆகஸ்ட் 31-ஐ நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், அது மெர்டேக்கா, முகப்பிடம் திறக்காது. மாதக் கடைசி இரண்டு நாள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் அரசு அலுவலகங்களில் மதிய இடைவேளை நீளம், 12 மணிக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் இரண்டே முக்கால் வரை வெளியே நிற்க வேண்டியிருக்கும். நான் நின்றிருக்கிறேன், நிழலுக்கு ஒரு செண்டோல் கடை இருந்ததால் பிழைத்தேன்.

முழு வருடத் தொகையையும் ஜனவரியிலேயே கட்டிவிடலாம். வெளியூரில் இருப்பவர்கள் இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன்.

5. கட்டும் வழிகள், அதிலிருக்கும் பொறிகள்

முகப்பிடத்தில் நேரில் கட்டலாம், மன்றத்தின் இணையத்தளத்தில் பாங்க் கணக்கு வழியாகக் கட்டலாம், பாங்க் செயலியில் பில் கட்டும் ஜோம்பே வசதி மூலமும் கட்டலாம். ஜோம்பேயில் பில்லிலிருக்கும் பில்லர் கோடையும் ரெஃப் ஒன் என்ற இடத்தில் உங்கள் கணக்கு எண்ணையும் போட வேண்டும். பில்லர் கோடைப் போட்டதும் திரையில் நிறுவனத்தின் பெயர் வரும், அது மன்றத்தின் பெயர்தானா என்று ஒருமுறை வாசித்துவிட்டு மேலே போங்கள்.

பெரியப்பா மகன் ஒருவர் சுங்கை பாக்காப்பில் இருந்த வீட்டை விற்றுவிட்டு புக்கிட் மெர்தாஜாமுக்குப் போனார். பாங்க் செயலியில் பழைய வீட்டின் கணக்கைப் "பிடித்தவை" பட்டியலில் சேமித்து வைத்திருந்தார், வருடத்துக்கு இரண்டு முறை அதையே அழுத்திக்கொண்டிருந்தார். இரண்டு வருடம். அதாவது வாங்கியவரின் வரியை இவர் கட்டினார், புது வீட்டில் பாக்கி ஏறியது. கட்டிய பணம் அந்த வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிட்டது, திருப்பிக் கேட்பதென்றால் வீட்டை வாங்கியவரைத்தான் கேட்க வேண்டும். அவர் நல்ல மனுஷன், பாதியைக் கொடுத்தார்.

இணையத்தில் கட்டினால் கணக்கில் ஏற ஓரிரு வேலை நாள் ஆகலாம். கடைசி நாள் ராத்திரி பதினொன்றரைக்குக் கட்டிவிட்டு ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் உள்ளே போய்ப் பாக்கி சுழியம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கட்டாமலே விட்டால் என்ன ஆகும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சுக்காய் பிந்துவுக்கு முதலில் போராங் ஈ, 15 நாளுக்குள் கட்டு என்ற நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால் போராங் எஃப், அதாவது பறிமுதல் வாரண்ட். ஆள் வீட்டுக்குள் வந்து டிவி, பிரிட்ஜ், சோபா என்று அசையும் பொருள்களைப் பட்டியல் போட்டு எடுக்கலாம், ஏழு நாளில் பணம் வராவிட்டால் ஏலம். இதில் பலருக்குத் தெரியாதது, அந்த வீட்டுக்குள் இருக்கும் பொருள் யாருடையதாக இருந்தாலும் எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாடகைக்கு இருப்பவருடைய வாஷிங் மெஷினும் இதில் அடக்கம். ஆகவே வாடகைக்குப் போகிறவர்களே, வீட்டுக்காரர் வரி கட்டியிருக்கிறாரா என்று ரசீதைக் கேளுங்கள். பறிமுதலைத் தவிர்க்க நீங்கள் கட்ட நேர்ந்தால் அந்தத் தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளலாம், ரசீதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நில வரி இதைவிட மோசம். மே 31 தாண்டினால் அபராதம், அப்புறம் போராங் 6ஏ என்ற நோட்டீஸ், அது வந்து மூன்று மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால் நிலத்தையே மாநில அரசு எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை வரும் சின்னத் தொகை இது, இதற்காக வீட்டு மண்ணைப் பணயம் வைப்பது என்ன கணக்கோ.

பெரிய பாக்கி சேர்ந்துவிட்டது என்றால் ஒளியாதீர்கள். நேரில் போய்த் தவணை கேளுங்கள், கேட்பதற்கு ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோங்கள், ஒப்புக்கொண்டால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

6. பெயர் மாற்றம்: இங்கேதான் எல்லாரும் விழுகிறோம்

நில அலுவலகத்தில் கெரானில், அதாவது நிலப் பட்டாவில், பெயர் மாறினால் மன்றத்தில் தானாக மாறிவிடும் என்று நினைக்கிறோம். மாறாது. இரண்டு அலுவலகமும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வதில்லை என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

வீடு வாங்கியிருந்தால் போராங் ஐ. விற்றவரும் வாங்கியவரும் கைமாறிய மூன்று மாதத்துக்குள் மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வழக்கமாக லோயர் செய்து கொடுப்பார், ஆனால் "செய்வார்" என்பதும் "செய்துவிட்டார்" என்பதும் ஒன்றல்ல. சாவி வாங்கிய ஆறு மாதம் கழித்து மன்றத்தின் சாப் அடித்த நகல் ஒன்று கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே போய்ப் பாரத்தைக் கொடுங்கள். விற்றவர்களும் கவனிக்க வேண்டும்: அறிவிப்பு கொடுக்காத வரை பாக்கிக்கு உங்கள் பெயரில்தான் கடிதம் வரும்.

புத்தம் புதிய தாமான் வீடு என்றால், முதல் பில் சாவி கொடுத்து பல மாதம் கழித்து, சேர்த்து வைத்த தொகையோடு வரும். பதறாதீர்கள், அது அபராதம் அல்ல. வீடு குடியிருக்கத் தகுதி என்ற சான்றிதழ் வந்த பிறகு மன்றம் மதிப்பிட்டுக் கணக்குத் திறக்க எடுத்துக்கொள்ளும் காலம். அதுவரை மாதம் கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

பெற்றோர் இறந்து வீடு வந்திருந்தால் போராங் ஜே. மன்றத்துக்கு ஓராண்டுக்குள் தெரிவிக்க வேண்டும். பிரச்சினை, அந்தப் பாரத்தோடு சேர்க்க வேண்டிய கெரான் இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருக்கும். அதனால் வேலை சுங்கை ஜாவி மாதிரி நில அலுவலகத்திலிருந்து தொடங்குகிறது.

உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் வீடோ நிலமோ இருந்து மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் சிறு சொத்துப் பங்கீடு என்ற வழியில் போகலாம். 2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது, பழைய ஆட்கள் இன்னும் அதையே சொல்வார்கள். லோயர் தேவையில்லை, போராங் ஏ வாங்கி நாமே நிரப்பலாம். எடுத்துப் போக வேண்டியவை:

இறப்புச் சான்றிதழ்
கெரான் நகல்
அந்த வருட நில வரி ரசீது
அப்பா அம்மா திருமணச் சான்றிதழ்
பிள்ளைகள் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழும் மைகாட் நகலும்
இறந்தவருக்குக் கடன், பாங்க் கணக்கு இருந்தால் அதன் விவரம்

எல்லாவற்றிலும் மூன்று நகல். அசலையும் கையில் வைத்திருங்கள், நகல் மட்டும் கொண்டுபோய் ஒருமுறை திரும்பி வந்தேன். திருமணச் சான்றிதழில்தான் பல தமிழ்க் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. கோவிலில் தாலி கட்டியிருப்பார்கள், பதிவு எப்போது செய்தார்கள், எங்கே வைத்தார்கள் என்று தெரியாது. அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, மைகாட்டில் இன்னோர் எழுத்து. அப்படி இருந்தால் இருவரும் ஒருவரே என்று சத்தியப்பிரமாணம் ஒன்று தயார் செய்து, சத்தியப்பிரமாண ஆணையர் (பெசுருஜாயா சும்பா) முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்விடுங்கள், சிலருக்கு இது இல்லாமல் ஒத்திவைப்பு.

அம்மா உயிரோடு இருக்கிறார், வீடு தானாக அவருக்குத்தானே என்று நானும் நினைத்தேன். இல்லை. முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இறந்தவரைப் பெற்றவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றவர்களுக்குக் கால். முழு வீட்டையும் அம்மா பெயரில் எழுத வேண்டுமென்றால் விசாரணை நாளில் எல்லா வாரிசும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் தங்கை சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்தாள். அந்தத் தேதி பல மாதம் தள்ளித்தான் கிடைக்கும், அதனால் விண்ணப்பத்தை முதலில் கொடுத்துவிடுங்கள், சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

விசாரணை முடிந்து பங்கீட்டு உத்தரவு கிடைத்தது. அதற்குப் பெயரும் போராங் ஈ! கேட்டில் ஒட்டியதும் போராங் ஈ, இதுவும் போராங் ஈ, சட்டம் வேறு. இது தெரியாமல், மன்ற முகப்பிடத்தில் "போராங் ஈ இருக்கா" என்று கேட்ட அம்மணியிடம், பாக்கி நோட்டீஸைப் பற்றிக் கேட்கிறார் என்று புரியாமல், பெருமையாகப் பங்கீட்டு உத்தரவை எடுத்து நீட்டினேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இனி ஈ லாயின், டெக்" என்றார், இது வேற ஈ தம்பி என்று. பின்னால் நின்ற சீனத் தாத்தா சிரித்துவிட்டார். ஆகவே பாரத்தின் எழுத்தை மட்டும் சொல்லாதீர்கள், எந்த அலுவலகம் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த உத்தரவைப் பதிந்து கெரானில் புதுப் பெயர் ஏறியதும், புதுக் கெரான் நகல், மைகாட் நகல், இறப்புச் சான்றிதழ் நகல், கடைசி வரி ரசீது, போராங் ஜே, இவற்றோடு மன்றத்துக்குப் போங்கள். பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் நகராது, முதலில் அதைக் கட்டுங்கள்.

இதெல்லாம் முடிய ஒரு வருடம் ஆகிறதே, அதுவரை? வரி கட்டப் பெயர் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் யாருடைய கணக்குக்கும் கட்டலாம். முதல் நாளே செய்ய வேண்டியது கடித முகவரியை மாற்றுவதுதான், வாரிசு என்று ஒரு கடிதம், இறப்புச் சான்றிதழ் நகல், உங்கள் மைகாட் நகல். இதை மட்டும் எங்கள் வீட்டில் யாராவது அப்பாவின் பதினாறாம் நாள் முடிந்த கையோடு செய்திருந்தால் கேட்டில் தாள் ஒட்டியிருக்காது.

7. தொகை அதிகம் என்று தோன்றினால்

புது மதிப்பு போட்டு மன்றத்திலிருந்து கடிதம் வந்தால் தேதியைப் பாருங்கள், அதில்தான் எல்லாம் இருக்கிறது. புதிய பட்டியல் என்றால் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் விசாரணைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னால். உங்கள் வீட்டை மட்டும் திருத்தியிருந்தால் 10 நாள் முன்னால். தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு எப்போது வருமோ.

"என்னால் கட்ட முடியாது", "பென்ஷன்தான் வருகிறது" என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. மதிப்பு உண்மையான வாடகையைவிட அதிகம் என்று காட்ட வேண்டும். அதே தெருவில், அதே மாதிரி வீட்டுக்கு மதிப்பு குறைவாக இருந்தால் பக்கத்து வீட்டார் பில் நகல், உண்மையான வாடகை ஒப்பந்தம், வெள்ளம் ஏறும் வீடு என்றால் சுவரில் தண்ணீர்க் கோடு தெரியும் படம், பின்னாலேயே ரயில் பாதை இருந்தால் அதுவும். ஆட்சேபம் கொடுத்துவிட்டு வரி கட்டாமல் இருக்கக் கூடாது, கட்டிக்கொண்டே வாதாடுங்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றம்தான், 84 வெள்ளிக்கு அங்கே யாரும் போகமாட்டார்கள்.

வாடகைக்கு ஆள் கிடைக்காமல் காலியாகக் கிடக்கும் வீட்டுக்குச் சலுகை கேட்கலாம். ஆனால் வீடு குடியிருக்கத் தக்க நிலையில் இருக்க வேண்டும், ஆள் தேடியதற்கு ஆதாரம் வேண்டும், கேட்கும் வாடகையும் நியாயமாக இருக்க வேண்டும். கூரை ஒழுகும் பூட்டிய வீட்டுக்கு இது பொருந்தாது.

8. ரசீதுகளை எங்கே வைப்பது

ஒரு பைல் போதும். அதில் வீட்டு வரி ரசீது, நில வரி ரசீது, கெரான் நகல், சாப் அடித்த போராங். வெயிலில் ரசீது எழுத்து அழிந்துவிடும், வாங்கியதும் போட்டோஸ்டேட் எடுத்துவிடுங்கள். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் வருமான வரியில் வாடகை வருமானத்திலிருந்து இந்த இரண்டு வரியையும் கழிக்கலாம், அதற்கு ஏழு வருட ரசீது கையில் இருக்க வேண்டும். வீட்டின் மேல் கடன் கேட்டாலும், வீட்டை விற்கப் போனாலும் முதலில் கேட்பது அந்த வருட ரசீது இரண்டையும்தான்.

பைல் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள்.

போன ஜூலையில் முதல்முறையாக அம்மா பெயரில் பில் வந்தது. அம்மா அதைத் திறக்காமல் சாமி மேடையில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார், நான் வந்துதான் பிரித்தேன். பெயர் சரி, பாக்கி சுழியம். கடித முகவரியில் வீட்டு எண் 27-க்குப் பதில் 72. பாரத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன், என் கையெழுத்துதான், நானே மாற்றி எழுதியிருக்கிறேன். போஸ்ட்மேனுக்கு அம்மாவைத் தெரியும் என்பதால் வந்து சேர்ந்திருக்கிறது. மறுபடியும் ஒரு பாரம், மறுபடியும் ஒரு நாள் லீவு.